என் முகம் திறக்க ஆன நேரம்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் என் முகம் பதினோரு விதமாக இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டது ஒன்று, மாலையோடு ஒன்று, கும்பிட்டபடி ஒன்று, இப்படி. பத்தடிக்கு அடித்தாலும் மீசையில் நரைத்த முடி எது, கறுத்த முடி எது என்று எண்ணிவிடலாம். அவ்வளவு துல்லியம். அந்தத் துல்லியத்தால் ஒருத்தியின் ஒன்றரை ஏக்கர் நெல் தண்ணீரில் கிடந்து முளைத்தது. அதைச் சொல்லத்தான் இப்போது பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் எனக்கு இருக்க வராது, என்னைத் தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். படிப்பு ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பா, அம்மா, நான் எல்லோரும் அடுத்தவன் வயலில் குனிந்து அறுத்தவர்கள். பிறகு வடக்கிலிருந்து அறுப்பு மிஷின்கள் வந்தன. கூட இருந்தவர்கள் எல்லாம் கூலி போயிற்று என்று தலையில் கை வைத்துக்கொண்டபோது, நான் போய் அந்த மிஷினுக்குக் கிரீஸ் வைத்தேன். டிரைவருக்குச் சப்பாத்தி சுட்டுப் போட்டேன். இரண்டே சீசனில் அவன் இடத்தில் உட்கார்ந்தேன். இன்றைக்கு என் ஷெட்டில் நான்கு வண்டிகள் நிற்கின்றன. டயர் வண்டி மூன்று, டயருக்குப் பதில் பட்டை சுற்றிய பெல்ட் வண்டி ஒன்று. ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதைந்துவிடும், பெல்ட் வண்டிதான் இறங்கும். இந்தச் சுற்று வட்டாரத்தில் சொந்தமாகப் பெல்ட் வண்டி வாங்கிய முதல் ஆள் நான். இதையும் சொல்லிக்கொள்கிறேன்.

வெப்சைட் வைத்ததிலும் நான்தான் முதல். ஆசைக்கு மட்டும் வைத்ததில்லை அது. அறுப்பு வந்துவிட்டால் என் போன் ஓயாது. எல்லோருக்கும் அன்றைக்கே வண்டி வேண்டும். ஒரு வருடம் இரண்டு பேர் என் ஷெட் வாசலிலேயே, "எனக்குத்தான் மொதல்ல சொன்னாரு" என்று துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் வரிசைக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று தோன்றியது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆன்லைன் சென்டர் வைத்திருக்கும் பெண்ணிடம் போனேன். பட்டாவுக்கு, வருமானச் சான்றிதழுக்கு எல்லாம் ஊரே அங்கேதான் போய் விண்ணப்பம் போடும். காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் வீட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். கம்ப்யூட்டர் படித்தவள். நான் கேட்டதைப் போலவே செய்து கொடுத்தாள். ஊர் பெயரைத் தொட வேண்டும், எத்தனை ஏக்கர் என்று தொட வேண்டும், வயல் ஈரமா காய்ச்சலா என்று தொட வேண்டும். போன் நம்பரைப் போட்டால் டோக்கன் வந்துவிடும். டோக்கன் வரிசைப்படி வண்டி போகும். இதில் யாரும் யார் துண்டையும் பிடிக்க முடியாது.

அதோடு நின்றிருக்கலாம். நான் ஃபிளெக்ஸ் கடையிலிருந்து பதினோரு போட்டோக்களை வாங்கிக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், இதெல்லாம் பேனருக்கு எடுத்தது. ஒவ்வொண்ணும் பன்னண்டு எம்பி கீது. அப்டியே போட்டா பேஜ் கனமாயிடும்."

"கனமா இருந்தா நல்லதுதானம்மா? இன்னா, தலையிலயா தூக்கிக்கினு போகப் போறாங்க?"

எம்பி என்றால் ரீசார்ஜில் வரும் நெட்டைக் கணக்குப் பண்ணுகிற அளவு என்பது மட்டும் எனக்குத் தெரியும். பன்னிரண்டு என்றதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மற்றவன் போட்டோ இரண்டு, மூன்று என்றிருக்கும். எங்கள் பக்கத்தில் ஓர் ஆளுக்கு என்ன மரியாதை என்பது பேனரில் அவன் முகத்துக்கு எத்தனை அடி கொடுத்திருக்கிறார்கள் என்பதில் தெரிந்துவிடும். அதே கணக்கைத்தான் இங்கேயும் போட்டேன். பக்கத்தைத் திறந்ததும் முதலில் என் முகம், அதற்குக் கீழே வண்டிகளோடு நான், மகள் கல்யாணத்தில் நான். எல்லாவற்றையும் தாண்டிக் கீழே போனால்தான் பச்சை பட்டன், 'வண்டி வேண்டும்' என்று.

பிறகு ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்ல வைத்தேன். இனிமேல் போனில் புக்கிங் கிடையாது, வெப்சைட்டில் மட்டும்தான் என்று.

முதல் சீசனிலேயே பேச்சு வந்துவிட்டது. டீக்கடையில் ஒரு விவசாயி, வயதில் என்னைவிட மூத்தவர், எல்லோர் எதிரிலும் கேட்டார்:

"இன்னா நைனா, உன் வெப்சைட்டுக்கு ஆவணியில டோக்கன் வேணும்னா சித்திரையிலயே தொறந்து வெக்கணும் போல கீதே. நாத்து வுடசொல்ல தொறந்தேன், கதிரு வந்திச்சி, அது இன்னும் சுத்திக்கினு கீது."

கடையே சிரித்தது. நானும் சிரிக்கிற மாதிரி இருந்துவிட்டு, நேரே ஆன்லைன் சென்டருக்குப் போனேன். சான்றிதழுக்கு ஏழெட்டு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, "படிச்சிட்டு இன்னாம்மா வேல செய்ற நீ? என் பேரக் கெடுக்கவா?" என்று சத்தம் போட்டேன். அவள் எழுந்து நின்றுகொண்டாள். நான் அடங்கிய பிறகு, "போட்டோவக் கொறச்சிக்கலாமா சார்?" என்றாள். முடியாது என்றேன்.

"அப்ப வேற ஒண்ணு பண்றேன். பேஜ அனுப்புற சர்வர் இருக்குதில்ல, அதுல ஒரு மாட்யூல் சேக்கலாம். போட்டோவ நீங்க குடுத்த மாதிரியே வச்சிக்கும். ஆனா யார் போன் கேக்குதோ, அந்த போனுக்கு எவ்ளோ தேவையோ அவ்ளோ சுருக்கி அனுப்பும். எழுத்துக்கு நடுவுல வெத்தா இருக்கறதெல்லாம் எடுத்துடும். ஒருத்தருக்குச் சுருக்குனத எடுத்து வச்சிக்கினு அடுத்தவங்களுக்கும் அதையே குடுக்கும். பட்டன் மொதல்ல வந்துடும், போட்டோ பின்னால வரும்."

அறுப்பு மிஷினுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. உருளை அடிக்கும், சல்லடை ஆடும், காற்றாடி பதரை ஊதித் தள்ளும். தொட்டிக்கு நெல் மட்டும் போகும். "பதர வுட்டுட்டு நெல்ல அனுப்புது. அதான?" என்று கேட்டேன். அவள் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. "அதேதான் சார். நான் இவ்ளோ நேரம் சொன்னத நீங்க ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க."

இரண்டு நாளில் செய்துவிட்டாள். தன்னுடைய பழைய போனில், கீறல் விழுந்த திரையில், நெட்டைக் குறைத்துவைத்துத் திறந்து காட்டினாள். ஒன்று என்று சொல்லி இரண்டு என்பதற்குள் பச்சை பட்டன் வந்து நின்றது. திருப்புலிவனத்து ஏரிக்கரையில், டவர் ஒரு கோடு காட்டும் இடத்தில் நின்று நானே பார்த்தேன். வந்தது. டீக்கடைக்குப் போய், "நான் சொல்லிக் குடுத்துதான் அந்தப் பொண்ணு செஞ்சிச்சி" என்று சொன்னேன். கேட்டவர்கள் நம்பினார்கள். இன்றுவரை அதை நான் மாற்றிச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், அது பொய்.

அந்தச் சீசனும் அடுத்ததும் ஒரு குறையும் இல்லாமல் போயின. ஆடி மாதம் வந்தது. பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் திருவிழா. விழாக் குழுவினர் பேனரை எங்கள் ஊர்க் கடையில் அடிக்காமல் வேறு எங்கோ கொடுத்தார்கள். அந்தக் கடைக்காரன் என் போட்டோவை வெப்சைட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறான். தெருமுனையில் பேனர் ஏறியது. என் பக்கத்தில் இன்னொரு வண்டிக்காரர், எனக்குப் பின்னால் தொழிலுக்கு வந்தவர், கண்ணாடி போலத் தெரிகிறார். என் முகம் மட்டும் கட்டம் கட்டமாக, சாயம் போன வேட்டி போல இருந்தது. மீசை எங்கே முடிகிறது, வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"இன்னாண்ணா, மூஞ்சி இப்டித் தேஞ்சி பூட்ச்சி?" என்று கூழ் வாங்க நின்றவன் ஒருவன் கேட்டான். பக்கத்தில் நின்றவன், "அண்ணாத்த ஊரூரா சுத்துறாரில்ல, டயரு தேயற மாதிரி தேஞ்சிடுச்சி" என்றான். நான் கூழ் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பெண் கடை திறக்கும்போதே நான் அங்கே நின்றேன். "என் போட்டோ இப்ப எவ்ளோ எம்பிம்மா?" என்று கேட்டேன்.

"எம்பி இல்ல சார், அனுப்பறது எண்பது கேபிதான். ஆனா..."

கேபி என்பது எம்பியைவிடச் சிறியது என்று முந்தின நாள் மாலையே விசாரித்து வைத்திருந்தேன். "பன்னண்டு எம்பி மூஞ்சிய எண்பது கேபி ஆக்க நீ யாரு?"

"சார், ஒரிஜினல் அப்டியே உள்ள கீது. ஒண்ணும் ஆவல. போன்ல பாக்கறதுக்கு இது போதும். பேனர்காரங்க எங்கிட்ட கேட்டிருந்தா பெரிசாவே குடுத்திருப்பேன்."

"அதெல்லாம் வேணாம். எடு."

"அறுப்பு வருது சார். வயல்காட்டுல டவரே எடுக்காது. ஒரு மாசம் வுடுங்க, அப்பறமா எடுத்துடறேன்."

அப்போதுதான் அதைச் சொன்னேன். "தறி நெய்ற வூட்ல பொறந்தவளுக்கு வயக்காட்டப் பத்தி இன்னா தெரியும்? சொன்னத செய். இல்லன்னா செங்கல்பட்டுல ஆளுங்க இல்லாமயா பூட்டாங்க?"

வயல்காட்டைப் பற்றி அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது. அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒரு வரிக்குப் போய், கடைசியில் இருந்த ஒரே ஒரு வார்த்தையை அழித்து வேறு வார்த்தை அடித்தாள். "இன்னா எழுதின?" என்று கேட்டேன். "'ஆன்'னு இருந்துச்சி சார். 'ஆஃப்'னு போட்டேன்" என்றாள். அவ்வளவுதான். என் முகம் பழையபடி பன்னிரண்டு எம்பி ஆனது. வீட்டுக்கு வந்து வைஃபையில் திறந்து பார்த்தேன். கொஞ்சம் நேரமானாலும் வந்தது. மீசை முடியை எண்ண முடிந்தது.

ஆவணியில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் பழுத்தது. திருப்புலிவனத்தில் ஒருத்தி ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தாள். நானும் அவளும் ஒரே கூலிக் குழுவில் அறுத்தவர்கள். அந்தக் காலத்தில் என்னைவிட வேகமாக அறுப்பாள். என் பாத்தி பின்தங்கினால் மேஸ்திரி பார்ப்பதற்குள் குறுக்கே புகுந்து நாலு பிடி அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். கணவன் இல்லை. மகன் வேலைக்கு வெளியூர், வீட்டில் மருமகள். ஆயுளெல்லாம் அடுத்தவன் நெல்லை அறுத்தவளுக்கு அதுதான் சொந்தமாக வைத்த முதல் பயிர். இந்தப் பயிர் தேறினால் நிலக்காரர் அவளுக்கே தொடர்ந்து விடுவதாகச் சொல்லியிருந்தார். இது எனக்குத் தெரியும். நாற்று விட்டபோதே வழியில் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

ஒரு முற்பகலில் அவள் போன் வந்தது. ஷெட்டில் என்னோடு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ண்ணா, நாந்தான்."

"சொல்லும்மா."

"நெல்லு தல சாஞ்சிக்கினு கீதுண்ணா. மேக்கால கறுத்துக்கினு வருது. ஒரு வண்டி அனுப்பேன்."

"வெப்சைட்டுல போடு."

"நேத்து காத்தாலருந்து போட்டுக்கினுதான் கீறோம். மருமவ போன வச்சிக்கினு வரப்பு வரப்பா நடக்கறா. தொறக்க மாட்டேங்குது."

"எல்லாருக்கும் தொறக்குது, உனக்கு மட்டும் தொறக்கலியா? மேட்டு மேல ஏறி நின்னு பாக்கச் சொல்லு."

"பேஜாரா கீதுண்ணா. நீ வாயால சொல்லிட்டா ஆவாதா?"

எதிரே இருந்த மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கிற மாதிரித்தான் பேசினேன். "எல்லாருக்கும் ஒரே சட்டந்தாம்மா. உனக்கு இன்னிக்கி வாயால குடுத்தா, நாளிக்கி ஊரே வந்து நிக்கும். மாமன் மச்சான்னு பாத்தா தொழில் நடக்காது."

வயலில் காற்று அடிக்கும் சத்தம் மட்டும் போனில் கேட்டது. பிறகு, "சரிண்ணா" என்று வைத்துவிட்டாள். அந்த மூன்று பேரில் ஒருவர், "கரெக்டா சொன்ன" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் பெல்ட் வண்டி நின்றுகொண்டிருந்தது. முந்தின நாளிலிருந்தே நின்றது. டிரைவர் அதன் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். அந்த இரண்டு நாளும் டோக்கன் அதிகம் வரவில்லை. வெளியூர் வண்டிகள் வந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகின்றன என்று நான் நினைத்தேன். ஷெட்டிலிருந்து அவள் வயல் ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. மதியம் ஏற்றி அனுப்பியிருந்தால் மாலைக்குள் அறுத்துக் கொட்டியிருக்கலாம்.

மாலை நாலு மணிக்கு மழை பிடித்தது. அப்படி ஒரு மழை. ஏரி மதகு வாய்க்கால் நிறைந்து வயலுக்கு மேலே ஓடியது. மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை.

நாலாம் நாள் யாரும் கேட்காமலேயே பெல்ட் வண்டியை ஏற்றிக்கொண்டு போனேன். நெல் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. கதிரை எடுத்துப் பார்த்தால் மணிக்கு மணி வெள்ளையாக முளை. வண்டியை இறக்கி, அதன் அறுக்கும் வாயைத் தாழ்த்தி, எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுத்தோம். பாதிகூடத் தேறவில்லை. தேறியதும் மாட்டுக்குத்தான் ஆகும்.

அவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். என்மேல் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பேன்.

"கடசீல தொறந்துச்சிண்ணா" என்றாள். "மய வர்றதுக்குக் கொஞ்சம் முன்ன. மருமவ கூவுனா, வந்துச்சி வந்துச்சின்னு. ஓடிப்போய்ப் பாத்தேன். உன் மூஞ்சி மேலருந்து எறங்கிக்கினு வந்துச்சி. நெத்தி வந்துச்சி. விபூதி வந்துச்சி. கண்ணு ரெண்டும் வந்துச்சி. அதோட நின்னுட்ச்சி. நாங்களும் பாத்துக்கினே கீறோம், நீயும் எங்களயே பாத்துக்கினு கீற. வாயி வரவே இல்ல. அப்பறம் அன்னிக்கி நெட்டே தீந்து பூட்ச்சின்னா மருமவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கேலி இல்லை. நடந்ததை நினைத்து வந்த சிரிப்பு. அவளுடைய ரீசார்ஜில் ஒரு நாளைக்குக் கிடைக்கிற நெட்டை, திரும்பத் திரும்பத் திறந்ததில், என்னுடைய பதினோரு முகங்களும் சேர்ந்து தின்று தீர்த்திருக்கின்றன. பச்சை பட்டன் அவற்றுக்கெல்லாம் அடியில் கிடந்திருக்கிறது.

நான் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வேறொன்றைச் சொன்னேன்.

"தொறந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லம்மா. அந்த ரெண்டு நாளும் பெல்ட் வண்டி இங்க இல்ல. கூரம் பக்கம் ஓடிக்கினு இருந்துச்சி."

டிரைவர் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"அப்டியா" என்றாள். அவள் முகம் கொஞ்சம் லேசானது போல இருந்தது. "நான்கூட, இன்னும் கொஞ்சம் பாடுபட்டுப் போட்டிருந்தா கெடச்சிருக்குமோன்னு மருமவளத் திட்டிக்கினு இருந்தேன். அப்ப என் நேரந்தான். வுடு."

அன்று மாலை ஆன்லைன் சென்டருக்குப் போனேன். கூட்டம் இருந்தது. நேராக உள்ளே நுழைகிறவன் நான். அன்றைக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். நான்கு பேர் போன பிறகு என் முறை வந்தது.

"அந்த மாட்யூல திருப்பிப் போடும்மா."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. நான் அன்றே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. அதே கறுப்புத் திரை, அதே வரி, அதே ஒரு வார்த்தை. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"போட்டோவெல்லாம் எடுத்துடு" என்றேன்.

"ஒண்ணு இருக்கட்டும் சார். எந்த வண்டிக்காரர்னு தெரியணுமில்ல." கட்டை விரல் நகம் அளவுக்கு ஒன்றைப் பட்டனுக்குக் கீழே வைத்தாள். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "யாருக்காவது கஷ்டமாயிடுச்சா சார்?"

"இல்லம்மா, சும்மாதான்" என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்று தெரிந்தது. தறி நெய்யும் வீடு என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. பின்னால் ஆட்கள் நின்றார்கள், எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது என் வெப்சைட் எந்த வயலில் நின்று கேட்டாலும் வருகிறது. வெளியூர் வண்டிக்காரர்கள்கூட அந்தப் பெண்ணிடம் வந்து, அவருக்குச் செய்த மாதிரி எங்களுக்கும் செய்யுங்கள் என்கிறார்களாம். கேட்கும்போது பெருமை பொங்கி வருகிறது. பாதியிலேயே அடங்கிவிடுகிறது.

அந்த நிலத்தை நிலக்காரர் வேறு ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். போன வாரம் திருப்புலிவனம் வழியாகப் போனேன். அதே வயலில் நாற்று நடவு. கூலிக்கு நடுகிற பெண்கள் வரிசையில் அவளும் குனிந்திருந்தாள். என் வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து சேற்றுக் கையைத் தூக்கினாள். "இன்னாண்ணா, சௌக்கியமா கீறியா?" என்றாள். கீறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

பெல்ட் வண்டி கூரத்துக்குப் போகவில்லை. இரண்டு நாளும் என் ஷெட்டில்தான் நின்றது. நான் போனில் பேசியபோது கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. அவள் நேரம் நன்றாகத்தான் இருந்தது. இதை எழுதுவதற்கே எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இதை எழுதிவிட்டேன் என்பதற்காக அவளிடம் சொல்லிவிட்டதாக ஆகாது.